நான் இளைக்க வைத்த நான்கு வீல்கள்

அன்று கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்.

என் மனைவியின் தம்பி. எனக்கு மாப்ள. பதினோரு வருடமாக என்னோடு வேலை பார்த்தவன். ஆர்கான் வெல்டிங் எல்லாம் அவன் கைதான்.

வண்டிக்காரர். செல்லூரில் தறி போட்டிருப்பவர். சேலை வியாபாரம். வீட்டில் சௌராஷ்டிரம், எங்களிடம் மதுரைத் தமிழ்.

எதிர் டீக்கடை அண்ணன். கிளாஸ் எடுக்க வந்தவர், வண்டியைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

நான்கு பேர். வீல்களை வார்த்துக் கொடுத்த பட்டறைக்காரர் வரவில்லை. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஸ்போக்குகளைப் பார்த்திருப்பார். பார்த்திருந்தால் வண்டியைத் தெருவில் இறங்க விட்டிருக்க மாட்டார். கூப்பிடாததற்குக் காரணமும் அதுதான்.

அன்று என் மாப்ளயின் வலது கை போனது. அதைத்தான் எழுதுகிறேன்.

கடை பழங்காநத்தத்தில், பஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில். அலாய் வீலில் பெண்டு எடுப்போம். கீறல் விட்டதை வெல்டிங் வைத்து, லேத்தில் ஓட்டி, பெயிண்ட் அடித்துக் கொடுப்போம். மதுரை ரோட்டில் பள்ளத்துக்குப் பஞ்சம் இல்லை. வேலைக்கும் பஞ்சம் இல்லை.

கடையில் இரண்டு பழக்கம் வைத்திருந்தேன்.

ஒன்று, தட்டிப் பார்ப்பது. வீலின் நடு ஓட்டையில் கயிறு கொடுத்துத் தொங்கவிடுவோம். மரச் சுத்தியால் விளிம்பில் ஒரு தட்டு. நல்ல வீல் ணங்கென்று நீளமாகக் கேட்கும். கீறல் இருந்தால் சத்தம் செத்திருக்கும், உடைந்த சட்டியைத் தட்டியது மாதிரி. கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரிந்துவிடும். இதில் நான் தவறியது இல்லை. தட்டியே பேர் வாங்கியவன்.

இன்னொன்று, முதல் ஓட்டம். வேலை பார்த்தவன்தான் வீலை மாட்டி முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகுதான் கஸ்டமர் ஏறலாம். என் வேலையை நம்பி நான் ஏறாவிட்டால் வேறு யார் ஏறுவார்கள். இதை மாப்ளயிடம் நூறு முறை சொல்லியிருப்பேன்.

வண்டிக்காரர் முதலில் ஒரு வீலை மட்டும் கொண்டுவந்தார். ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, பழைய பச்சைச் சேலையில் சுற்றி.

டீக்கடை அண்ணன் அங்கிருந்தே கேட்டார். "என்னண்ணே, வீலுக்கு வளைகாப்பா?"

"கீறல் படக் கூடாதுல்லண்ணே, அதான்" என்றார் வண்டிக்காரர். சேலையை விலக்கினார். படப்போகிற கீறல் எல்லாம் ஏற்கனவே பட்டிருந்தது.

கொடைக்கானலில் ஒரு பங்களா ஷெட்டில் கிடந்த கார் என்றார். இங்கிலாந்து வண்டி. இரண்டு சீட்டு, மேலே துணிக்கூரை, உயரம் என் இடுப்பளவு. உள்ளே கோழி அடைத்து வைத்திருந்தார்களாம். வாங்கி நான்கு வருடமாக ஒவ்வொன்றாகச் சரி செய்கிறார். இஞ்சின் முடிந்தது. பெயிண்ட் முடிந்தது. வீல் மட்டும் பாக்கி.

எட்டு ஸ்போக் வீல், நடுவிலிருந்து விளிம்புக்கு எட்டுக் குச்சி. ஒவ்வொன்றும் மெல்லிசாக, நடுவில் ஒரு வரம்பு ஓடி, விளிம்பில் போய் விரியும். பார்த்தால் கையில் எடுக்கத் தோன்றும். கறுப்பும் வெள்ளையுமாகப் பொடி பூத்து, இரண்டு ஸ்போக்கில் கீறல்.

மாப்ள கத்தியால் கொஞ்சம் சுரண்டினான். தூளைத் தகரத்தில் போட்டு லைட்டர் காட்டினான். பளீரென்று வெள்ளையாக எரிந்தது.

"மெக்னீசியம், மச்சான். இதுல வெல்டிங் வச்சம்னா கடையைக் காணோம்னு தேட வேண்டியதுதான்."

"அப்ப?" என்றார் வண்டிக்காரர்.

"புதுசா வாக்கணும்ணே. இதே மாதிரி" என்றேன்.

அவர் என்னை அண்ணே என்பார். நானும் அவரை அண்ணே என்பேன். யார் மூத்தவர் என்று கேட்டுக்கொண்டதில்லை.

வெளிநாட்டில் இதே மாதிரிப் புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்றார். போனில் படம் காட்டினார். ஆனால் இந்த வண்டிக்கு யாரோ ஒருகாலத்தில் அச்சை மாற்றிவிட்டார்கள். நட்டு ஓட்டை அளவு வேறு. விற்பது எதுவும் பொருந்தாது. செய்தால் இங்கேதான் செய்ய வேண்டும்.

கப்பலூர்ப் பக்கம் ஒரு வார்ப்புப் பட்டறைக்கு நானும் மாப்ளயும் போனோம். பட்டறைக்காரர் மோட்டார் மூடி, பம்பு உடம்பு எல்லாம் வார்ப்பவர். பழைய வீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாத்துருவேன். அலுமினியத்துல. மண் அச்சு. ஆனா இம்புட்டு ஒல்லியா வராது."

"ஏன்?" என்றேன்.

"மண்ணுல ஊத்துனா உள்ள எங்கயாவது ஊசி ஓட்டை விழத்தான் செய்யும். அது இருந்தாலும் தாங்கணும்ல. அதுக்குத்தான் சதை கூட வைக்கணும். சூட்டுல போட்டுப் பதம் பண்ணியே தாரேன். ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். ஓட்டை போடுங்க, லேத்துல முகத்தைச் சீவி எடுங்க. ஸ்போக்கு சதையில மட்டும் கை வைக்காதீக."

மாப்ள தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

ஒன்றரை மாதத்தில் நான்கு வீலும் வந்தன. லேத்தில் ஓட்டி, ஓட்டை போட்டு, வரிசையாகச் சுவரில் சாய்த்தேன். நல்ல வார்ப்பு. வண்டிக்காரரை வரச் சொன்னேன்.

வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். போனில் படத்தைப் பார்த்தார். வீலைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபம். அவர் கோபப்படவில்லை.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. மினி பஸ் வீல் மாதிரி இருக்கு."

இருந்தது. அவர் சொன்னது உண்மை. எனக்கும் வந்த அன்றே தோன்றியதுதான். ஸ்போக் ஒவ்வொன்றும் கரும்புக் கரணை மாதிரி. அந்த வண்டியில் மாட்டினால் சின்னப் பிள்ளைக்கு அப்பா செருப்பைப் போட்டுவிட்டது போல இருக்கும்.

"கொஞ்சம் ஒல்லியாக்க முடியாதாண்ணே? உங்க கைக்கு வராததா?"

அந்தக் கடைசி வார்த்தை. அதற்குத்தான் விழுந்தேன்.

"பாக்குறேண்ணே" என்றேன்.

மாப்ள வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சொன்னான். "மச்சான், பட்டறையில சதையில கை வைக்காதீகன்னு சொன்னாக."

கஸ்டமர் முன்னால் சொல்லிவிட்டான். எனக்கு முகம் சுருங்கியது.

"பட்டறைக்காரருக்கு வாக்கத் தெரியும். வீலைப் பத்தி நமக்குத் தெரியும். நீ உன் வெல்டிங்கைப் பாரு."

முகமூடியை இறக்கிக்கொண்டு திரும்பிவிட்டான்.

"வண்டியே எடை கிடையாதுண்ணே" என்றார் வண்டிக்காரர் மெதுவாக. "நாலு பேர் சேந்தா தூக்கிரலாம்."

அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆசைப்பட்டார். சேலையில் ஜரிகை ஒரு நூல் தள்ளி விழுந்தாலே கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. வீலை அந்தக் கண்ணால் பார்த்தார். நான் எந்தக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

ஆறு நாள் வேலை. கைக் கிரைண்டரில் பல்லுள்ள பிட்டை மாட்டி, ஸ்போக்கின் இரண்டு பக்கமும் சரித்தேன். பின்பக்கம் குடைந்தேன். நடுவில் வரம்பு எடுத்தேன். முப்பத்திரண்டு ஸ்போக். ஒன்று போலவே எல்லாம் வந்தது. என் வேலையில் அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

அளக்கவில்லை. வெர்னியர் அளவுகோல் ஆணியில் தொங்கியது. கண்ணளவு போதும் என்று நினைத்தேன். அளந்தால் நின்றுவிடுவேன் என்றும் தெரிந்திருக்கும்.

அலுமினியச் சீவல் ஒரு பெயிண்ட் வாளி நிறையச் சேர்ந்தது. மாப்ள அதைக் கொட்டப் போனவன் தூக்கிப் பார்த்துவிட்டு நின்றான்.

"ஒரு குட்டி வீலே செய்யலாம் போல மச்சான் இதுல."

"கொட்டிட்டு வா."

கொட்டிவிட்டு வந்தான்.

ஆறாம் நாள் தொங்கவிட்டுத் தட்டினேன். இளைக்க வைப்பதற்கு முன்னால் தட்டியபோது சத்தம் குட்டையாக இருந்தது. இப்போது கோயில் மணி. அடங்கவே நேரமானது. நான்கையும் தட்டினேன். நான்கும் அப்படியே. வண்டிக்காரருக்குப் போன் போட்டு, போனை வீலுக்குப் பக்கத்தில் பிடித்துத் தட்டிக் காட்டினேன்.

"பிரமாதம்ணே" என்றார்.

மாப்ளயிடம் திரும்பினேன். "என்னமோ சொன்ன. கேட்டியா சத்தத்தை?"

"கேட்டேன்."

"அப்பறம் என்ன?"

"மணி கூடத்தான் நல்லாக் கேக்கும், மச்சான். மணியை மாட்டி வண்டி ஓட்டிருவீகளா?"

எனக்குப் பதில் தெரியாதபோது எரிச்சல் வரும். வந்தது.

இப்போது தெரியும். மெலிந்த பொருள் நீளமாகத்தான் ஒலிக்கும். கீறல் இல்லை என்று மட்டும் அந்தச் சத்தம் சொல்லும். எவ்வளவு தாங்கும் என்று சொல்லாது. கீறல் விட்ட வீல்களையே ஆயுள் முழுக்கத் தட்டியவன் நான். இரண்டும் ஒன்றென்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாட்டினோம். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் முதல் ஓட்டம் போய்வந்துவிட வேண்டும் என்று வண்டிக்காரர் இரவல் வீல்களில் வண்டியை ஓட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். அடுத்த ஞாயிறு பழைய கார்கள் எல்லாம் ஒரு மைதானத்தில் கூடுவதாக இருந்தது. கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள் என்றார். முதல் தடவையாகச் சொந்த வீலில் கொண்டுபோய் நிறுத்தப்போகிறேன் என்றார்.

வீல்கள் சாம்பல் நிறம். வண்டி சிவப்பு. நட்டுகளை முறுக்கி முடித்து ஜாக்கியை இறக்கினேன். தள்ளிப்போய் நின்று பார்த்தோம்.

அழகாக இருந்தது. அதை மறைத்து எழுத முடியாது. அந்த வண்டி நின்ற இடத்திலேயே ஓடுகிறது மாதிரி இருந்தது.

டீக்கடை அண்ணன் வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். "இதுல ஏறணுமாண்ணே, இல்ல கால்ல மாட்டிக்கிறணுமா?"

வண்டிக்காரர் சிரித்தார். சூடம் காட்டினார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். மணி பத்து ஆகப்போகிறது என்றார். சாவியை என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். வாங்கியவன் மாப்ளயைப் பார்த்தேன். அவன் குனிந்து முன் வலது வீலைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலை ஸ்போக்குக்குப் பின்னால் விட்டுத் தடவிக்கொண்டிருந்தான்.

அவன் அப்படித் தடவியிருக்காவிட்டால் நானே ஏறியிருப்பேன்.

"என்னடா தடவுற? இந்தா, நீயே ஓட்டிட்டு வா" என்று சாவியை நீட்டினேன்.

"நீங்கதானே போகணும் மச்சான். வேலை பாத்தது நீங்க."

"நீ ஓட்டுனாத்தான் உனக்கு நம்பிக்கை வரும். ஒரு வாரமா மொணமொணன்னு பயந்துக்கிட்டே கெடக்க."

டீக்கடை அண்ணன் சிரித்துவிட்டார். "மாப்ளைக்குப் பயம்னா நான் போயிட்டு வரட்டா? எனக்கு ஓட்டத் தெரியாது, அம்புட்டுத்தான்."

மாப்ள சிரிக்கவில்லை. வேஸ்டுத் துணியில் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். சாவியை வாங்கினான்.

வண்டிக்காரர் தானும் பக்கத்தில் ஏறுகிறேன் என்றார். முதல் ஓட்டத்தில் கஸ்டமர் ஏறக் கூடாது என்றேன். அந்தப் பழக்கத்தை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

"போயிட்டு வாரேன்" என்றான் மாப்ள. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டிக்காரர் போனில் படம் எடுத்தார்.

திருநகர் வரை போய்த் திரும்புவது வழக்கம். இருபது நிமிடம். அரைமணி ஆனது. டீக்கடை அண்ணன் இரண்டாவது டீ கொண்டுவந்தார். மாப்ள நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது வேறு ஆள்.

நானும் வண்டிக்காரரும் என் பைக்கில் போனோம். வழியெல்லாம் அவர் என் தோளைப் பிடித்திருந்தார்.

குழாய்க்காகத் தோண்டி மூடிய பள்ளம். ரோட்டுக்குக் குறுக்கே நான்கு விரல் ஆழம். பஸ்கள் தினமும் அதில் இறங்கி ஏறிப் போகின்றன. அதைத் தாண்டி இருபதடியில் வண்டி வலது பக்கம் மூக்கைக் குத்தி நின்றது. டயரும் வெளிவட்டமும் தனியாக உருண்டு கருவேலஞ்செடிக்குள் கிடந்தன. வீலின் நடுப்பாகம் மட்டும் வண்டியோடு இருந்தது, எட்டு மொட்டைக் குச்சிகளோடு. நான் முறுக்கிய நட்டுகள் முறுக்கியபடியே இருந்தன.

மாப்ள ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தான். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கியிருந்தான். கை இருக்க வேண்டிய திக்கில் இல்லை. இளநீர் விற்கிற அம்மா அவன் தலையில் துண்டை நனைத்துப் போட்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் சொன்னான். "எட்டும் போயிருச்சு மச்சான்."

ஸ்போக்கைச் சொன்னான். கையைப் பற்றிச் சொல்லவில்லை.

பழைய வண்டியின் ஸ்டீரிங் வட்டம் பெரிது. உள்ளே இரும்புக் கம்பிகள். வீல் உடைந்ததும் ஸ்டீரிங் தானாகச் சுழன்றிருக்கிறது. அவன் பெருவிரல் உள்ளே மாட்டிக்கொண்டது. ஸ்டீரிங்கை விட்டிருந்தால் கை தப்பியிருக்கும். எதிரே பள்ளிக்கூட வேன் வந்ததாம். விடவில்லை.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. நரம்பிலும் அடி. ஆபரேஷனுக்கு எழுதினார்கள்.

மத்தியானம் என் மனைவி வந்தாள். தம்பி பக்கத்தில் நின்று கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். அழவில்லை. என்னிடம் திரும்பினாள்.

"முதல் ஓட்டம் நீங்கதானே போவீக?"

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம் அது. நான் வாய் திறந்தேன்.

"அவன்தான் ஆசைப்பட்டுக் கேட்டான். அந்த மாதிரி வண்டி. நான் குடுத்தேன்."

யோசித்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது.

மாப்ள கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தான். கேட்டான். காற்றாடியைப் பார்த்தபடி சொன்னான். "ஆமாக்கா."

அவ்வளவுதான். இரண்டு பேரும் சேர்ந்து அதை மூடிவிட்டோம்.

நான்காம் நாள் பட்டறைக்காரர் கடைக்கு வந்தார். விஷயம் எப்படியோ போயிருந்தது. உடைந்த துண்டுகளைக் கேட்டார். கொடுத்தேன். ஆணியில் தொங்கிய வெர்னியரை அவரே எடுத்தார்.

"நான் பதினாறு மில்லி குடுத்தேன்." ஸ்போக்கில் வைத்தார். "இது ஒம்பது. இது ஒம்பது. இங்கன எட்டரை."

உடைந்த முகத்தை வெளிச்சத்தில் காட்டினார். கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி.

"ஊசி ஓட்டை. சொன்னேன்ல. பதினாறுக்குள்ள கெடந்தா இது ஒண்ணும் பண்ணாது. எட்டரைக்குள்ள கீறலுக்கு இதுதான் வாசல்."

நான் அந்தப் புள்ளியைப் பார்த்தேன்.

"மிச்சம் மூணு எங்கே?"

காட்டினேன்.

"நான் கொண்டு போயி உருக்கிர்றேன். யாரு கையிலயும் போகக் கூடாது."

டீ சொன்னேன். வேண்டாம் என்றார். மூன்று வீல்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ஏற்றும்போது ஒன்று இன்னொன்றில் இடித்து ணங்கென்றது. தெருமுனை திரும்புகிறவரை கேட்டது.

வண்டிக்காரர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் வெளி வராந்தாவில் நின்று என்னிடமே பழப்பையைக் கொடுத்தார்.

"நான்தாண்ணே ஒல்லியாக் கேட்டேன்" என்றார்.

"கேக்குறது உங்க வேலைண்ணே. முடியாதுன்னு சொல்றது என் வேலை."

வண்டி செல்லூரில் தறிக்கூடத்துக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு நிற்கிறது என்று கேள்வி. வேறு யாரிடமும் வீல் செய்யச் சொல்லவில்லை போல.

எலும்பு சேர்ந்தது. பிடி வரவில்லை. டம்ளரை எடுப்பான், பாதியில் நழுவும். வெல்டிங் டார்ச்சை ஒருநாள் கையில் கொடுத்துப் பார்த்தேன். முனை நடுங்கியது. அலுமினியத்தில் வெல்டிங் வைக்கிறவனுக்கு முனை நிற்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். அவனே டார்ச்சை அதன் கொக்கியில் திரும்ப மாட்டினான். இடது கையால் மாட்டினான்.

இப்போது மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கடையில் நிற்கிறான். இடது கையால் பூ அள்ளித் தட்டில் போட்டு நிறுக்கிறான். சட்டையில் எப்போதும் மல்லிகை வாசம். அவனைக் கடை ஆட்கள் கேலி செய்கிறார்களாம், கல்யாண மாப்பிள்ளை என்று. சிரித்துக்கொண்டே சொன்னான்.

கைப்பயிற்சி கொடுக்கிறவர் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். அமுக்க வேண்டும், விட வேண்டும். பந்து விழாமல் முப்பது தடவை வந்தால் நுணுக்கமான வேலைக்குக் கை மறுபடி கேட்கும் என்றார். முதல் மாதம் இரண்டு. பிறகு ஐந்து. பதினான்கில் வந்து நின்றுபோனது. வாரக்கணக்கில் பதினான்கு.

ஞாயிறு காலை எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் அமுக்க, அவன் அக்கா எண்ணுவாள். எண்ணிக்கொண்டே திட்டுவாள்.

"அமுக்குடா. தொரைக்கு ரெண்டு சீட்டுக் காரு கேட்டுச்சுல்ல. நாலு. சோறு போட்ட கைக்கு அடங்கிக் கெடக்கத் தெரியல. அஞ்சு."

"சரிக்கா."

"கேட்ட ஒடனே குடுக்குறதுக்கு இவரு ஒருத்தரு. ஆறு. நீ சின்னப் பிள்ளையாடா, சாவி கேட்டு அடம்பிடிக்க?"

"சரிக்கா. எண்ணு."

நான் பேப்பர் பார்ப்பது மாதிரி இருப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் இதே. எட்டு மாதம். அவன் ஒரு நாள்கூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பேனோ என்னவோ. பார்க்காததால்தான் தாங்க முடியாமல் போனது.

போன ஞாயிறு அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு எண்ணினாள். மாப்ள சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கையை முழங்காலில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏழு. உன் ஆசைக்கு அம்மா இருந்தா என்ன சொல்லியிருக்கும் தெரியுமா. எட்டு."

பேப்பரை மடித்து வைத்தேன்.

"அவன் கேக்கல" என்றேன்.

"ஒம்பது. எதை?"

"சாவியை. அவன் கேக்கல. நான்தான் போகச் சொன்னேன். நான் போக வேண்டியது. அவன் வேணாம்னான். பயந்தாங்கொள்ளின்னு எல்லார் முன்னாடியும் சொல்லி ஏத்திவிட்டேன். சதையில கை வைக்காதீகன்னு முதல்லயே சொன்னதும் அவன்தான்."

கத்தி வெண்டைக்காயில் பாதியில் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கு மச்சான்" என்றான் அவன். கை அமுக்குவதை நிறுத்தவில்லை.

"நீயும் ஆமான்னு சொன்னியேடா" என்றாள்.

அவன் பந்தையே பார்த்தான். கழுத்தில் நரம்பு தெரிந்தது. அவன் அமுக்கியதும் பந்து சுருங்கியது, விட்டதும் விரிந்தது.

அவள் எழுந்தாள். வெண்டைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. குழாய் திறக்கிற சத்தம்கூட இல்லை.

மாப்ள அமுக்கிக்கொண்டே இருந்தான். பெருவிரல் நடுங்கத் தொடங்கியது. கடைசியில் பந்து நழுவி, கட்டிலுக்கு அடியில் உருண்டது. கையை உதறிக்கொண்டான்.

"எத்தனைக்கா?" என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக் கேட்டான்.

பதில் வரவில்லை. இன்னொரு முறை கேட்டான். வரவில்லை.

அவள் விட்ட இடத்திலிருந்து நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். சொன்னேன்.

இருபத்து மூன்று.